பாவுக்கு அடியில் ஓர் ஆட்டோ

தெருவில் ஒரு மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த நேரத்தில், "ஒரு கத்தி கொண்டாங்க" என்று கூவிய முட்டாள் யார்?

நான்தான். நீங்கள் போஸ்ட் கார்டு போட்டுக் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

நடந்தது போன செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின சனிக்கிழமைதான் எங்கள் ஆபீஸில் ஒரு நாள் முதலுதவிப் பயிற்சி. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரே காரணத்துக்காக என்னை 'டீம் லீடர்' என்று அறிவித்து, சட்டையில் ஒரு பேட்ஜ் குத்திவிட்டார்கள். அதற்கப்புறம் மூன்று நாளாக ஆரணியில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு லீடருக்கு அது எவ்வளவு பெரிய ஏமாற்றம்?

செவ்வாய் காலை ஏழு மணி. எங்கள் தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். வெளியூர் வாசகர்களுக்காக: பட்டுப்புடவையின் நீளவாக்கு இழைகள் அத்தனையையும் தெருவில் இழுத்துக் கட்டி, கஞ்சித் தண்ணீர் தெளித்து, நீவிவிட்டுக் காய வைப்பார்கள். அதுதான் பாவு. இரண்டு முனையிலும் கயிறு, நடுவில் முட்டுக்கு மூங்கில் கழிகள். ஈரம் இருக்கும்போதே நீவி முடிக்க வேண்டும். பாதியில் விட்டால் இழையும் இழையும் ஒட்டிக்கொள்ளும் – அவ்வளவு உழைப்பும் போச்சு.

எங்கள் தெருவோ ஓர் ஆட்டோ அகலம். பாவு இருக்கும்போது சைக்கிளே சுவரை உரசிக்கொண்டுதான் போகும்.

அன்றைய பாவு எதிர்வீட்டு ஏகாம்பரம் அண்ணனுடையது. நீவிக்கொண்டே வந்தவர் திடீரென்று தரையில் உட்கார்ந்துவிட்டார். சட்டையெல்லாம் வியர்வை.

"இன்னாமோ பண்ணுது... நெஞ்சு மேல பாறாங்கல்ல வச்சாப்ல கீது" என்றார்.

பனியனோடு வாசலில் நின்றிருந்த நான் பாய்ந்தேன். பாதி வழியில் திரும்பினேன். வீட்டுக்குள் ஓடி, பேட்ஜ் குத்திய சட்டையை மாட்டிக்கொண்டு மறுபடி பாய்ந்தேன். லீடர் அல்லவா...

"எல்லாரும் தள்ளி நில்லுங்க. யாராவது ஆட்டோ கூட்டிட்டு வாங்க. யாராவது தண்ணி கொண்டாங்க. யாராவது ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்க."

நல்ல கம்பீரமான குரல். பலன்? ஐந்து நிமிடத்தில் மூன்று ஆட்டோக்கள் வந்தன – ஒன்றன் பின் ஒன்றாகத் தெருமுனையில் அடைத்துக்கொண்டு. ஐந்து சொம்பு தண்ணீர் வந்தது. ஆஸ்பத்திரிக்குச் சொல்லப் போனவர்கள்? ஒருவருமில்லை. அடுத்தவர் போயிருப்பார் என்று அத்தனை பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வந்த ஆட்டோக்களும் உள்ளே வர முடியவில்லை. தெரு நெடுக பாவு. அவரை நடக்கவிடக் கூடாது என்பது மட்டும் பயிற்சியில் சொன்னது நினைவிருந்தது. அப்போதுதான் என் மூளையில் அந்த யோசனை உதித்தது. பாவை அறுத்து வழி விட்டால் என்ன?

கத்தி கேட்டேன்.

ஏகாம்பரம் அண்ணன் எழுந்து நிற்கப் பார்த்தார். "பாவு மேல கைய வச்சீங்க... நடக்கறதே வேற. நான் எங்கயும் வரல. முடிச்சிட்டுத்தான் வருவேன். காஞ்சிடும்."

உதடு வெளுத்துக்கொண்டே போகிறது. மனுஷர் பாவை விட்டு வரமாட்டேன் என்கிறார். பயிற்சியில் இந்த மாதிரி நோயாளியைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே...

"சார், கத்தி இன்னாத்துக்கு? கொஞ்சம் நவுருங்க."

தேவகி. எங்கள் தெருவின் பாவு வேலைக்காரர்கள் பத்துப் பேருக்கும் மேஸ்திரி. நாற்பது வயதிருக்கும். குரலை உயர்த்தவே இல்லை. ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் ஒரு முகத்தைப் பார்த்துப் போனது.

"பாபு, நீ சைக்கிள எடுத்துகினு பெரியாஸ்பத்திரிக்குப் போ. நெஞ்சுவலி கேசு ஆட்டோல வருதுன்னு சொல்லு. சொல்லிட்டு அங்கியே நில்லு. இன்னா சொல்லுவ?"

"நெஞ்சுவலி கேசு, ஆட்டோல வருது. அங்கியே நிக்கறேன்."

"போ. செல்வி, உள்ள போய் கைவச்ச நாற்காலி எடுத்துகினு வா. மணி, பின்னாடி நிக்கிற ரெண்டு ஆட்டோவயும் வெளிய அனுப்பு. முனையில இருக்கறவங்க கயித்த அவுத்து கையில புடிங்க. தொய்ய விடாதீங்க. மத்தவங்க ஆளுக்கொரு கழி."

எல்லாருக்கும் வேலை கிடைத்துவிட்டது, பேட்ஜ் போட்டவனைத் தவிர.

"நான்?" என்றேன்.

தேவகி ஒரு விநாடி யோசித்தாள். "நீங்க அவராண்ட உக்காந்து பேசிகினு இருங்க. அவரு எழுந்துக்கக் கூடாது. அவ்ளோதான்."

பேசினேன். கேஸ் சிலிண்டர் பதிந்து வராத கதை, எங்கள் மேனேஜரின் விக், சனிக்கிழமைப் பயிற்சியில் போட்ட உப்புமா... அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

"தூக்கு" என்றாள் தேவகி.

பாவு எழுந்தது. அரக்குச் சிவப்புப் பட்டு, தெரு அகலத்துக்கு, தலைக்கு மேலே ஒரு பந்தல் போல. அதற்கடியில் ஆட்டோ நுழைந்தது. முன்னால் கழிகள் ஏறுகின்றன, ஆட்டோ தாண்டிய இடத்தில் மெல்ல இறங்குகின்றன. தேவகி ஆட்டோவுக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து வருகிறாள். "வா... வா... மெதுவா..." கூரை தலைக்கு மேல் இருக்கும்போதே டிரைவர் எதற்கோ குனிந்துகொண்டு ஓட்டுகிறார்.

"நில்லு."

ஆட்டோவின் கண்ணாடியில் ஓரத்து இழை ஒன்று மாட்டியிருந்தது. தெருவே மூச்சை அடக்கியது. தேவகி இரண்டு விரலால் அதை விடுவித்தாள். அறவில்லை.

"வா."

நாற்காலியோடு அண்ணனைத் தூக்கினோம். ஆட்டோவுக்குப் பக்கத்தில் வந்ததும் மறுபடி அதே பிடிவாதம். "காஞ்சிடும் தேவகி. பாதிதான் ஆயிருக்குது."

"உங்க பாவு என் கையில கீது. அறுந்தா நான் முடிச்சு போட்டுக்கறேன். ஏறுங்க அண்ணே."

அவர் பாவைப் பார்த்தார். தேவகியைப் பார்த்தார். கடைசியாக, பேசிக்கொண்டே இருந்த என்னைப் பார்த்தார்.

"ஏத்துங்க" என்றார். "ஜல்தி."

அவர் மனைவியும் ஏறிக்கொள்ள, ஆட்டோ வந்த வழியே, அதே பந்தலுக்கு அடியில் வெளியேறியது. ஆஸ்பத்திரி வாசலில் பாபு நின்றானாம், ஸ்ட்ரெச்சரோடு. உடனே ஊசி போட்டு, அங்கிருந்து நேராக வேலூர். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னதாக அவர் மனைவி பிறகு போனில் சொன்னார்.

தெருவில்? ஆட்டோ போன மறுநிமிடம் பாவு கீழே இறங்கியது, எல்லாரும் நீவ ஆரம்பித்தார்கள். ஈரம் காய்வதற்குள் முடித்தும்விட்டார்கள். மொத்தத்தில் அறுந்தது ஒரே ஓர் இழை. உதவி செய்கிறேன் என்று நான் குனிந்தபோது, என் பேட்ஜ் ஊசியில் மாட்டி.

பயிற்சியில் எழுதிக்கொண்ட நோட்டை அன்று சாயங்காலம் எடுத்துப் பார்த்தேன். 'ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடு. ஒருவருக்கு ஒரே வேலை. சொன்னதைத் திருப்பிச் சொல்ல வை.' என் கையெழுத்தேதான். அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன். தேவகி அந்த வகுப்புக்கே வரவில்லை. தினமும் காலையில் பத்துப் பேரை வைத்துக்கொண்டு, ஒரு கை தளர்ந்தாலும் அத்தனையும் சிக்கிக்கொள்ளும் வேலையைச் செய்கிறவளுக்கு அடிக்கோடு எதற்கு? எனக்கெல்லாம் ஊக்கு குத்திக் கொடுத்தால்தான் தலைமை வருகிறது. அப்போதும் வருவதில்லை என்பது வேறு விஷயம்.

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை. கண்ணமங்கலம் வழியாக பஸ் பிடித்து வேலூர் போனேன். ஏகாம்பரம் அண்ணன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் பழைய நிறம். பாவு பத்திரம் என்றேன். தலையாட்டினார். கொஞ்ச நேரம் காத்திருந்தேன். ஒரு நன்றி வருமென்று ஒரு நப்பாசை. வரவில்லை. நானே எடுத்துக் கொடுத்தேன்.

"அன்னிக்கு நான் விடாமப் பேசிகினே இருந்தேனே அண்ணே... உங்களுக்கு அது கொஞ்சம் தெம்பா இருந்துதா?"

இட்லியை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்:

"அதுக்கு பயந்துதான் ஆட்டோல ஏறனேன்."