பியற்றிஸ் வெட்டிய ஏழு வரிகள்

பியற்றிஸுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது; கைவேலை வேகமாகும். 1993 மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, கிங்ஸ்பரி முதியோர் இல்லமொன்றில் பத்து மணிக்கு முன்பே ஒன்பது கட்டில்களுக்கு விரிப்பு மாற்றிவிட்டாள். கோபம் பாதி கூட வேலைசெய்யும் ஊர்ப் பெண்கள் மீது, பாதி தன் மீது.

மன்னாரில் மிஷன் ஆஸ்பத்திரியில் பயின்றவள். நோயாளியைப் பற்றி நினைப்பதை எழுதாதே, கண்டதை எழுது என்பதுதான் அங்கே முதல் பாடம். எண்பத்தாறில் கணவன் யாக்கோப்போடு லண்டன் வந்தபின் அந்தப் பாடம் கைநழுவியது. ஷிப்ட் முடிவில் குறிப்புப் புத்தகம் எழுதவேண்டும். ஆங்கிலத்தில் பிழை விட்டால் மேலாளர் மிஸிஸ் ஹார்டிங் எல்லார் முன்னும் அதை உரக்க வாசிப்பார். ஆகவே அங்கு வேலை செய்த தமிழ்ப் பெண்கள் ஒரு வழி கண்டிருந்தார்கள்: முந்தைய ஆள் எழுதிய வரியை அப்படியே பார்த்து எழுதிவிடுவது.

பன்னிரண்டாம் அறை மெக்கினனுக்கு அதுவே வினையாயிற்று. ஸ்கொட்லாந்துத் தீவொன்றில் பிறந்தவர், வயது எண்பத்திரண்டு. பாரிசவாதம் அவருடைய ஆங்கிலத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டது. அறைக்கு வர்ணம் பூசிய நாளிலிருந்து வெறும் சுவரைக் காட்டி "கிரேக், கிரேக்" என்று கத்தினார். குழப்பம், மூர்க்கம் என்று யாரோ முதல்நாள் எழுதினார்கள். அடுத்த பதினொரு நாளும் அதே வரி. வியாழக்கிழமை டொக்டர் வந்து அதைப் பார்த்து மாற்றல் படிவத்தில் கையெழுத்து வைத்தால், மனிதரைப் பூட்டிய வார்ட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அன்று காலை சவரம் செய்யும்போது மெக்கினன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் காற்றில் ஓர் உருவம் வரைந்தார். செங்குத்தாக ஏறி, சரிந்து இறங்கியது. மூன்று தரமும் அதே உருவம். குழம்பியவன் கை அப்படி வரையாது.

கிரேக் என்றால் என்ன என்று அயர்லாந்து நர்ஸ் நோராவிடம் போய்க் கேட்டாள். மெக்கினனுடைய கேலிக் மொழியில் அது பாறை, எங்கள் ஐரிஷில் கரிக் என்போம் என்றாள் நோரா. சமையலறையில் நின்ற வேல்ஸ்காரி மேகன், தங்களுக்கும் கிரைக் என்றால் பாறைதான் என்றாள். பதினொரு நாளாக யாரும் தன்னிடம் கேட்கவில்லையே என்றும் சொன்னாள். பியற்றிஸுக்குச் சுட்டது அதுதான்.

களஞ்சிய அறையில் தேடினாள்; வர்ண வாளிகளுக்குப் பின்னால், பூச்சுக்காக அவர் சுவரிலிருந்து கழற்றிய சட்டமிட்ட படம் கிடந்தது. கடலிலிருந்து எழும் கரும்பாறை, அடியில் ஒரு சின்ன வீடு. புதிதாகப் பூசிய சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பது இல்லத்து விதி. பியற்றிஸ் சப்பாத்துக் குதியால் ஆணி அடித்துப் படத்தை மாட்டினாள். மெக்கினன் படத்தைப் பார்த்தார். அதற்குப்பிறகு கத்தவில்லை; கஞ்சியை மிச்சமின்றிக் குடித்தார்.

பிறகு புத்தகத்தை எடுத்தாள். பதினொன்றில் ஏழு அவள் கையெழுத்து. ஏழையும் சிவப்புப் பேனையால் வெட்டி, "நான் காணவில்லை, முந்தைய வரியைப் பார்த்து எழுதினேன்" என்று பக்கத்தில் ஒப்பமிட்டாள். மற்ற நாலும் கூட வேலைசெய்யும் செல்வமலருடையவை. அவள் பதறிப்போனாள்.

"அக்கா, புத்தகத்தில வெட்டினா வேலை போகும். எனக்கு ரெண்டு பிள்ளையள்."

"உன்ர வரியை நான் தொடமாட்டன். என்ரயைத்தான் வெட்டுறன்."

"பிழை எங்கட மட்டுமோ? ஹார்டிங் ஒருநாளாவது அந்த அறைக்குள்ள போனவவோ?"

"ஓம், அதையும் கேக்கத்தான் போறன்."

வியாழக்கிழமை வந்த டொக்டர் எடின்பரோக்காரர். சிவப்புக் கோடுகளைக் கண்டு விசாரித்தார். பியற்றிஸ் அவரைப் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். மெக்கினன் பாறையடி வீட்டைத் தொட்டு, பிறகு தன் நெஞ்சைத் தொட்டார். எங்கள் ஸ்கொட்ஸ் பேச்சிலும் கிரேய்க் பாறைதான் என்று டொக்டர் முணுமுணுத்தார். படிவத்தில் கையெழுத்து வைக்கவில்லை.

மிஸிஸ் ஹார்டிங் எச்சரிக்கைக் கடிதம் நீட்டினார்: பதிவேட்டைச் சேதப்படுத்தியது, சுவரைச் சேதப்படுத்தியது.

"பதினொரு நாளில் நீங்கள் எத்தனை தரம் பன்னிரண்டாம் அறைக்குப் போனீர்கள்?" என்று பியற்றிஸ் கேட்டாள்.

மிஸிஸ் ஹார்டிங் கதவைக் காட்டினார். கடிதத்தை மடித்து ஏப்ரன் பைக்குள் வைத்தாள். அன்றைய பக்கத்தில் யாருடைய வரியையும் பார்க்காமல், கண்டதை மட்டும் நாலு வரி எழுதினாள். மூன்று எழுத்துப்பிழை இருந்தது. ஹார்டிங் எல்லார் முன்னும் வாசித்துக் காட்டட்டும்.