ஞானதாஸும் கடைசி வரிசை முகங்களும்

ஞானதாஸ் இறந்த செய்தியை அவர் மனைவி லீலாதான் காலையில் போனில் சொன்னார். அடுத்த மூச்சிலேயே, "அண்ணே, படம் நீங்களே எடுக்கணும். மகளுக்கு ஷார்ஜாவில இருந்து வர முடியல்ல. ஆரெல்லாம் வந்திருக்குண்ணு அவ பாக்கணும்" என்றார். ஆறு வருடமாக ஞானதாஸோடு நான் பேசவில்லை என்பது நம் ஊர்க்காரர்கள் உங்கள் எல்லோருக்கும் தெரியும். லீலாவுக்கும் தெரியும்.

நிலச்சீர்திருத்தத்தில் எங்கள் குடிசைக்குக் கிடைத்த பத்து சென்டில் போட்டோ ஸ்டூடியோ கட்டியவன் நான். யாரிடமும் தொழில் படித்ததில்லை. ஞானதாஸ் தோகாவிலிருந்து டிஜிட்டல் கேமராவோடு திரும்பிப் பனச்சமூட்டில் கடை போட்டார். என் கேமராவின் டயல் எப்போதும் எம்-இல் இருக்கும். லென்ஸின் துவாரம், ஷட்டரின் வேகம் இரண்டையும் நானே வைப்பேன். அவருக்கு அது சிரிப்பு.

"நிக்கதுக்கு ஏ, ஓடுறதுக்கு எஸ். ஏ-யில துவாரத்த நாம வச்சா வேகத்த அது பாத்துக்கும். எஸ்-ல வேகத்த வச்சா துவாரத்த அது பாத்துக்கும். ஏ போட்டுட்டு வேகத்த மறந்தா மட்டும் படம் போச்சு, அண்ணே."

"எல்லாம் அது பாத்தா நீ எதுக்குலே?"

"ஆளுகள வரிசையா நிறுத்த. அதுக்கு இன்னும் மோடு வரல்ல."

கோவில் திருநாளில் செண்டை மேளக்காரரின் கோலை எஸ்-இல் அந்தரத்தில் நிறுத்திக் காட்டினார். என் படத்தில் அது வெறும் புகை. அப்போதும் நான் மாறவில்லை.

பிறகு ஒரு துக்க வீடு. சவப்பெட்டியைச் சுற்றி உறவினர்களை நிறுத்தி, துவாரத்தை முழுக்கத் திறந்து எடுத்தேன். பெட்டியில் கிடந்த அம்மையின் முகம் அவ்வளவு தெளிவு. பின்னால் நின்றவர்கள் மங்கல். மூத்த மகன் கடைசி வரிசையில் நின்றிருந்தார். வளைகுடாவிலிருந்த தம்பிகளுக்கு அவர் முகம் தெரியவில்லை. அண்ணன் வரவே இல்லை என்று இரண்டு வருடம் பேசாமல் இருந்தார்கள்.

அந்தப் படத்தை ஞானதாஸ் டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் பார்த்தார். "அண்ணே, பெட்டியில கெடக்கவளுக்குப் படம் வேண்டாம். பின்னால நிக்கவனுக்காக்கும் வேணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றோடு பேச்சை நிறுத்தினேன். அவர் நிறுத்தவில்லை. என் கடை வழியாகப் போகும்போதெல்லாம் பைக்கை மெதுவாக்கி, "அண்ணே, வாறேன்" என்பார். நான் தலை நிமிர்ந்ததில்லை.

ஞானதாஸின் அடக்கத்தன்று அவர் வீட்டு முற்றத்தில் தார்ப்பாய்க்கு அடியில் நாலு வரிசை ஆட்கள். மழை இருட்டு. டயலை முதல்முறையாக ஏ-க்குத் திருப்பி, பின்வரிசையும் தெளிவாக விழத் துவாரத்தைச் சுருக்கிப் பதினொன்றில் வைத்தேன். கேமரா காட்டிய வேகம் நொடியில் எட்டில் ஒன்று. அழுகிறவர்கள் அசையாமல் நிற்பார்களா? வேகத்தை மறந்தால் படம் போச்சு என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. குறைந்த வெளிச்சமே போதும்படி ஐஎஸ்ஓவை ஏற்றினேன், வேகம் அறுபதில் ஒன்றானது. எடுத்துவிட்டு, படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாக நகர்த்தினேன். கடைசி வரிசைவரை எல்லா முகமும் தெளிவு.

மறுநாள் மகள் அழைத்தாள். வரிசை வரிசையாகப் பெயர் சொன்னாள். "பின்னால கொட பிடிச்சு நிக்கது சுமதி சித்திதானே? எல்லாரும் உண்டு மாமா. ஒங்களத்தான் காணல்ல."

"படம் எடுத்தது நானாக்கும், மக்கா" என்றேன். அதன்பிறகுதான் உட்கார்ந்தேன். ஆறு வருடத்தில் நெஞ்சு அவ்வளவு லேசாக இருந்ததில்லை.

டீக்கடையில் வைத்து அவர் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. இதில் எனக்கு மாற்றமில்லை. ஆனால் சொன்னது சரி. அவருடையதாக என்னிடம் இருப்பது அந்த ஒரு வாக்கியம்தான். டயலும் இன்னும் ஏ-யில்தான் இருக்கிறது, திருப்பவில்லை.