சால்வை போர்த்திய மாலை

பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அணி இலக்கணம் நடத்துகிறவன் நான். மாலையில் பட்டிமன்றப் பேச்சாளன். கூடுவாஞ்சேரியிலிருந்து கடற்கரை ஊர்கள் வரைக்கும் எந்த மேடை கூப்பிட்டாலும் போவேன். எந்த அணி என்று கேட்க மாட்டேன். கொடுத்த கட்சிக்குப் பேசுவதுதான் எங்கள் தொழில் மரியாதை. சொந்த வீட்டுக் கதை சொன்னால் கைதட்டல் நிச்சயம் என்பது தொழில் ரகசியம். அதனால் மேடை ஏறுகிறவர்களின் மனைவிமார் எல்லாருமே ஊருக்குத் தெரிந்த கோமாளிகள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மனைவிக்குப் புதுப்பட்டினத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை வேலை கிடைத்தது. திங்கட்கிழமைக்குள் சேர வேண்டும். எங்கள் வீடும் என் பள்ளியும் இருந்த கூடுவாஞ்சேரியிலிருந்து ரயில், அப்புறம் செங்கல்பட்டில் பஸ் பிடித்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போக வேண்டும். அவள் யோசித்து வைத்திருந்தாள்.

"செங்கல்பட்டுல வூடு பாத்துக்கலாங்க. உங்களுக்கு ரயிலு, எனக்கு பஸ்ஸு. ரெண்டு பேருக்கும் அலைச்சல் பாதிதான்."

இதைவிட நேரான பேச்சு ஒன்றை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. "பாக்கலாம்" என்றேன்.

அந்தச் சனிக்கிழமை மாலை திருவிடந்தையில் ஒரு விழா மேடை. பெண்கள் வேலைக்குப் போவதால் குடும்பம் செழிக்கிறதா, சிதறுகிறதா என்று தலைப்பு. எனக்குச் சிதறுகிற கட்சி. அவளும் வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு வேறு சரக்கு இல்லாமல் இல்லை. ஆனாலும் அவளைத்தான் எடுத்தேன். "என் வூட்டுக்காரிக்கு வேல கெடச்சிருக்கு. வூட்டத் தூக்கி தலையில வெச்சிக்கினு 'நட'ன்றா. இன்னிக்கி செங்கல்பட்டு, அடுத்த வருசம் கல்பாக்கம், அதுக்கடுத்த வருசம் கடலுக்குள்ள தான் குடித்தனம்." கூட்டம் சிரித்தது. சிரிப்பு ஓயும் முன்பே அடுத்ததைப் போட்டேன். "ரசத்துக்கு உப்பு போடத் தெரியல, இவ உப்பப் பத்தி பாடம் நடத்தப் போறாளாம்."

பக்கத்துப் பெண்கள் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், நடுவர் எதிர்க் கட்சிக்குத்தான் தீர்ப்பு சொன்னார். பெண்கள் வேலைக்குப் போனால் குடும்பம் செழிக்கும் என்று திருவிடந்தையே கைதட்டி ஒப்புக்கொண்டது. ஆளுக்கொரு சால்வை போர்த்தினார்கள். திங்கட்கிழமை அவள் வேலையில் சேரவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை. அவளுக்கே விருப்பமில்லை போல என்று எனக்கு வசதியாக நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வாக்குவாதமே கிடையாது. எதைச் சொன்னாலும் "சரிங்க" என்பாள். மற்ற பேச்சாளர்களிடம் இதைப் பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் பள்ளியில் என்னை ஒரு வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். கைப்பேசியில் வந்து குவிகிற செய்திகளை நம்பிப் பிள்ளைகள் ஏமாறுகிறார்களாம். பேச்சில் நடக்கும் புரட்டுகளைச் சொல்லித் தர வேண்டும். எதிராளி சொல்லாததைச் சொன்னதாக்கி அடிப்பது. ஒரு படி இறங்கினால் பாதாளத்துக்கே போய்விடுவோம் என்று பயமுறுத்துவது. பேச்சுக்குப் பதில் இல்லாதபோது ஆளைக் கேலி செய்வது. ஒவ்வொன்றுக்கும் உதாரணம் தேடி நோட்டுடன் உட்கார்ந்தேன். மூன்றுக்கும் அந்தத் திருவிடந்தை மாலை ஒன்றேதான் வந்து நின்றது. நோட்டை மூடி வைத்தேன்.

சமையலறையில் அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். போய் எதிரே உட்கார்ந்தேன்.

"செங்கல்பட்டுல வூடு பாக்கலாம்னு நீ சொன்னத அன்னிக்கி திருவிடந்தையில நான் திரிச்சிட்டேன். நீ சொன்னதுதான் நியாயம்."

"தெரியும்" என்றாள், காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"எப்பிடிச் சொல்றது? மைக்கு உங்க கையில இருந்திச்சி." நாரை உரித்து ஓரமாகப் போட்டாள். "திரும்பி வரும்போது பஸ்ல கேப்பீங்கன்னு பாத்துகினே வந்தேன். பதில் சொல்றதுக்கு நல்லாதான் யோசிச்சி வெச்சிருந்தேன். கேளம்பாக்கம் வந்திச்சி, வண்டலூரும் வந்திச்சி. நீங்க சால்வைய மடிச்சி மடிச்சிப் பாத்துகினே வந்தீங்க."