மந்திரித்த லப்டொப்

எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அந்தப் பெருமையை நான் ஒருபோதும் அடக்கி வைத்ததில்லை. பொறியியல் பீடத்துக்குத் தெரிவான கடிதம் வந்த அன்று, எங்கள் ஊரான அரிப்புக்கு மீன் எடுக்க வந்த வியாபாரிகளுக்குக்கூட அதை வாசித்துக் காட்டினேன். லப்டொப் வாங்குகிற நேரத்தில்தான் சிக்கல். வீட்டில் எல்லாரும் என்னை விஷயம் தெரிந்தவள் என்று நம்பினார்கள். நான் அதுவரை தொட்டது, பள்ளிக்கூடத்தில் துணி போர்த்தி வைத்திருந்த ஒரேயொரு கணினியை. அதுவும் கரண்ட் இருந்த நாட்களில்.

திங்கட்கிழமை கம்பசுக்குப் போகவேண்டும். வெள்ளிக்கிழமை அப்பாவும் அம்மாவும் நானும் மன்னார் டவுனில் ஒரு கடைக்குள் நுழைந்தோம். அம்மா பூசைக்குக் கட்டும் சேலையில் வந்திருந்தா.

நான் வாசலிலேயே தெரிவு செய்துவிட்டேன். வெள்ளி நிறம், நற்கருணை அப்பம்போல மெல்லியது, எழுத்துகளுக்கு அடியில் வெளிச்சம் வேறு. எதற்குப் பாவிக்கப் போகிறேன் என்று கடைக்காரர் கேட்டார். பொறியியலுக்கு என்றேன். என்னென்ன மென்பொருள் போடவேண்டும் என்றார். எல்லாம் என்றேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினார்.

அப்பா படகு எஞ்சின் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஐந்து தரம் நிறுத்தி ஐந்து தரம் ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். சூடு வெளிவரும் துவாரத்தில் உள்ளங்கையை வைத்தார். குனிந்து மணந்தும் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய கலண்டரை வாசித்துக்கொண்டு நின்றேன். அவருக்குப் பழைய வயிற்றெரிச்சல் ஒன்று இருந்தது. போர் முடிந்து நாங்கள் மீளக்குடியேறிய புதிதில் நிவாரணமாகப் பளபளப்பான எஞ்சின் ஒன்று கொடுத்தார்கள். சில மாதத்தில் நின்றுவிட்டது. அதற்கு மாற்றுச் சாமான் எங்குமே கிடைக்கவில்லை. இப்போது அதன் மூடிக்குள் கோழி அடைகிடக்கிறது.

"தம்பி, இது பழுதானால் இங்க கழட்டலாமோ?"

வெள்ளி நிறத்தைக் கழற்ற ஏலாது, உள்ளே எல்லாம் ஒட்டியிருக்கிறது, கொழும்புக்குத்தான் அனுப்பவேண்டும் என்றார் கடைக்காரர். பிறகு மேசைக்கு அடியிலிருந்து கறுப்பாக, அம்மிக்கல் மாதிரி ஒன்றைத் தூக்கி வைத்தார். அரசாங்கக் கந்தோர்களில் பாவிக்கிற வகை. அடியில் வரிசையாக ஸ்குரூ. பற்றரியைக் கையாலேயே எடுக்கலாம். அப்பா அதைத் தடவிக் கொடுத்த விதத்திலேயே விஷயம் முடிந்துவிட்டது. பஸ்சில் அரிப்பு வரும்வரை நான் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தேன். அம்மிக்கல் என் மடியில் இருந்தது.

எங்கள் கரையில் புது எஞ்சின் ஃபாதர் தீர்த்தம் தெளித்து மந்திரிக்காமல் கடலுக்குப் போவதில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் அப்பா லப்டொப்பைக் கோயில் வாசலில் ஒரு கதிரையில் வைத்து மல்லிகை மாலையும் போட்டுவிட்டார். மூடியபடியே இருக்கட்டும் என்று ஃபாதர் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. ஊர்ச்சனம் முழுக்கச் சுற்றி நிற்கும்போது ஒரு கறுப்புப் பெட்டியை வைத்து என்ன பெருமை காட்டுவது? திறந்து, ஸ்டார்ட் பண்ணி, திரையில் என் பெயர் எல்லாருக்கும் தெரியும்படி திருப்பி வைத்தேன். ஃபாதருடையது படகுகளுக்குப் பழகிய கை. தீர்த்தத்தை வீசினார். என் பெயர் ஒருமுறை நடுங்கி அணைந்தது.

 அப்பா பாய்ந்து லப்டொப்பைக் கவிழ்த்துப் பற்றரியைக் கழற்றினார்.

"ஃபாதர், தீர்த்தத்தில உப்புப் போட்டதோ?"

"ஓம், போடுற வழக்கம்தானே," என்றார் ஃபாதர், ஏதோ தான் களவெடுத்ததுபோல.

உப்புத்தண்ணீர் குடித்த எஞ்சினை உடனே நல்ல தண்ணீரில் கழுவவேண்டும் என்பது அப்பாவின் சட்டம். அவர் கிணற்றடிக்குத் திரும்பியதும் நான் குறுக்கே போய் நின்றேன். அன்று என் படிப்பு செய்த ஒரே உதவி அதுதான். கடைக்காரருக்கு ஃபோன் எடுத்தேன். அவர் சிரித்து முடித்தபின், கழற்றி, ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிடச் சொன்னார்.

அப்பா ஸ்குரூக்களைக் கழற்றித் தேங்காய்ச் சிரட்டையில் போட்டார். காயவிடும் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டா. அந்த வேலையில் அரிப்பில் அவவை மிஞ்ச ஆளில்லை.

"வெய்யில்ல வைச்சால் கோணிப்போகும் பிள்ளை. நிழலும் காத்தும் காணும்."

என் லப்டொப்பைத் துண்டு துண்டாகக் கருவாடு காயவிடும் பரணில் ஒரு மூலையில் துணி விரித்து அடுக்கினா. பக்கத்தில் பாதி காய்ந்த சீலா மீன்கள். காகம் விரட்டும் கோலோடு நான் பக்கத்தில் இருந்தேன். பொறியியல் மாணவியாக நான் செய்த முதல் வேலை அது.

திங்கள் காலை, பஸ்சுக்கு ஒரு மணித்தியாலம் இருக்கும்போது அப்பா எல்லாவற்றையும் பூட்டினார். ஒரு ஸ்குரூ மிஞ்சியது. எஞ்சினிலும் அப்படித்தான் மிஞ்சும் என்றார். நான் பட்டனை அழுத்தினேன். கொஞ்ச நேரம் கறுப்பு. பிறகு என் பெயர் வந்தது. அம்மா சிலுவை அடையாளம் போட்டா. அப்பா துவாரத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, சூடு சரி என்றார்.

அது நாலு வருஷமும் ஓடியது. கனமான வரைபடம் எதையாவது கொடுத்தால் விசிறி வேகமெடுக்கும். முதல் மாதம் முழுக்க அந்தக் காற்றில் சீலாக் கருவாடு மணந்தது. வகுப்பில் முன் வரிசை திரும்பித் திரும்பிப் பார்த்தது. வெள்ளி நிறத்தில் மெல்லியதொன்று வைத்திருந்த பெண் ஒருத்தி, மூக்கைப் பொத்திக்கொண்டு அது என்ன மணம் என்று கேட்டாள்.

"மந்திரிச்ச லப்டொப் அப்பிடித்தான் மணக்கும்," என்றேன்.