சித்தியின் கல்யாணமும் சேற்று நடையும்

என் சித்தியிடம் போய், இந்த ஊரில் பார்க்க என்னவெல்லாம் இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்டுவிடாதீர்கள். கண் இருக்கிறதல்லவா, பாருங்கள் என்று சொல்லிவிட்டு பூட்ஸ் துடைக்கப் போய்விடுவாள். அவளைக் குறை சொல்ல முடியாது. ஏரிக்கரையில் நகராட்சி நடத்தும் வாடகைக் கொட்டகைக்கு அவள்தான் பொறுப்பு. எங்கள் வடக்கு மலைக்கு வருகிற ஒவ்வொரு ஜீவனும் முதலில் அவள் முன்னால்தான் வந்து நிற்கும்.

பனிக்காலத்தில் ஏரி உறைந்ததும் ஸ்கேட்டிங் பூட்ஸ். கோடையில் படகு, துடுப்பு, லைஃப் ஜாக்கெட். அதற்குப் பிறகு மலை முழுக்க இலைகள் சிவந்து பழுக்கும்போது, அதைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஊன்றுகோலும் மழைக்கோட்டும். ஒன்று முடிந்து ஒன்று என்று சொல்லக்கூட முடியாது. ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்து கதவைத் தட்டும். திரும்பி வருகிற பூட்ஸ் ஒவ்வொன்றுக்குள்ளும் கையை விட்டு ஈரம் பார்க்க வேண்டும், ஹீட்டர் முன்னால் வரிசையாகக் கவிழ்க்க வேண்டும், பிளேடு தீட்ட வேண்டும், அறுந்த நாடாவை மாற்ற வேண்டும். கொட்டகைக்குள் நுழைந்தால் ஊரான் வீட்டு சாக்ஸ் நாற்றம் மூக்கைப் பிய்க்கும். சித்திக்கு அது தெரிவதே இல்லை. தன் ஆயுளில் பாதி அந்த நாற்றத்தில்தான் போயிற்று என்பாள்.

அவளைக் கேட்கிற கேள்விகளையும் சொல்ல வேண்டும். கோடையில் வந்து பனி எங்கே என்று கேட்பார்கள். பனியில் வந்து படகு எங்கே என்று கேட்பார்கள். உறைந்து தொங்கும் அருவியைப் பார்த்துவிட்டு வந்த ஒரு பெரிய மனிதர், அதை எத்தனை மணிக்குத் திறந்துவிடுவீர்கள் என்று கேட்டார். சித்தி முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல், "மேல வால்வு ரிப்பேர் சார், ஆள் போயிருக்காங்க" என்றாள். அவர் தலையாட்டிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார். பாவம், நல்ல மனிதர்தான்.

காலின் அளவு விஷயம் அதைவிடக் கொடுமை. ஆண்கள் ஒரு சைஸ் ஏற்றிச் சொல்வார்கள், பெண்கள் ஒரு சைஸ் இறக்கிச் சொல்வார்கள். காலில் என்ன கௌரவம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. சித்தி வாயைத் திறக்கமாட்டாள். அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்வாள், காலைப் பார்ப்பாள், தனக்குத் தோன்றியதை எடுத்துக் கொடுப்பாள். தான் கேட்டதே கிடைத்தது என்று அவர்களும் சந்தோஷமாகப் போவார்கள்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு கல்யாணம் ஆக வேண்டியிருந்தது. மாப்பிள்ளை வெளியூர்க்காரர் இல்லை. மலையடிவாரத்திலிருந்து உச்சிக்கு ஆட்களைத் தொங்கு நாற்காலியில் ஏற்றி அனுப்புகிற லிப்டைப் பார்த்துக்கொள்பவர். ஊருக்கே அவர் லிப்ட்காரர். பனியில் கை விறைத்துப்போனால் சித்தியின் ஹீட்டரில் கையுறை காயவைக்க வருவார். கையுறை காய்ந்த பிறகும் போகமாட்டார். இரண்டு பேரும் சின்ன வயசு இல்லை, ஆகவே சுற்றி வளைக்கவில்லை. அவர் கேட்டார், அவள் சரி என்றாள். கூடவே, சீசன் முடியட்டும் என்றும் சொன்னாள். அந்த வார்த்தையில்தான் வந்தது வினை.

எங்கள் ஊரில் சீசன் என்று ஒன்று முடிவது வருஷத்தில் ஒரே தடவைதான். பனி உருகும், ஏரியில் நடக்கவும் முடியாது, படகு விடவும் முடியாது, மலைப் பாதையெல்லாம் முழங்கால் ஆழத்துக்குச் சேறாகிவிடும். ஒரு ஈ காக்கை வராது. அந்த மூன்று வாரத்துக்குச் சேற்றுக் காலம் என்று பெயர். ஊர் ஜனங்கள் மூச்சு விடுவதே அப்போதுதான். பல் பிடுங்குவது, வீட்டுக்கு வெள்ளையடிப்பது, அண்ணன் தம்பி பாகப்பிரிவினைச் சண்டை, கல்யாணம் எல்லாம் அந்த மூன்று வாரத்துக்குள். நான் படித்த வகுப்பில் பாதிப் பேருக்கு ஒரே மாதத்தில் பிறந்தநாள் வரும். காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

முதல் வருஷம் பனி உருகாமல் அழிச்சாட்டியம் பண்ணியது. உருகியதும் நேராகப் படகுக் கூட்டம் வந்துவிட்டது. அடுத்த வருஷம் லிப்டின் கம்பி மாற்ற உத்தரவு வந்து, சேற்றுக் காலம் முழுக்க அவர் கம்பத்தில் தொங்கினார். அதற்கடுத்த வருஷம் ஏரி பொங்கி கொட்டகைக்குள் தண்ணீர் வந்துவிட்டது. சித்தி ஒவ்வொரு பூட்ஸாகக் காயவைத்து முடித்தபோது வெயில் வந்துவிட்டது, வெயிலோடு ஆட்களும் வந்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் சித்திதான் போய்த் தள்ளிவைக்கலாம் என்று சொல்வாள். அவரும் சரி சரி என்று கையுறையை மாட்டிக்கொண்டு போவார். என் அம்மா, சித்திக்கு அக்கா, தலையில் அடித்துக்கொள்வாள்.

இந்த வருஷம் பனி ஒழுங்காக உருகியது, கம்பி புதுசு, ஏரி அடங்கிக் கிடந்தது. பதிவு அலுவலகத்தில் நாள் வாங்கியாயிற்று. அப்போதுதான் நகராட்சியின் சுற்றுலாத் துறைக்குப் புது ஆபீசர் வந்து சேர்ந்தார்.

சின்னப் பையன் மாதிரி இருப்பார். கெட்டவர் என்று சொல்லவே மாட்டேன், சுறுசுறுப்பில் ஒரு குறையும் இல்லை. அந்தச் சுறுசுறுப்புதான் பிரச்சினையே. சுவரில் வருஷக் காலண்டரை மாட்டி, எந்த மாதத்தில் என்ன பார்க்கலாம் என்று கலர் அடித்திருக்கிறார். நடுவில் மூன்று வாரம் வெள்ளையாக இருந்திருக்கிறது. அந்த வெள்ளையைப் பார்த்து அவருக்குத் தூக்கம் வரவில்லை போல. ஒரே வாரத்தில் ஊரெங்கும் போஸ்டர்: வருஷம் முழுக்கக் கொண்டாட்டம், வாருங்கள் சேற்று நடைக்கு. ரப்பர் பூட்ஸ் ஒரு லாரி நிறைய வந்து கொட்டகை வாசலில் இறங்கியது. தொடக்க விழா எந்த நாள் என்று பார்த்தால், சித்தியின் கல்யாண நாள்.

சித்தி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. காலி அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாக மிதித்து மடக்கினாள். மடக்கி முடித்ததும் லிப்ட் நிலையத்துக்கு நடந்தாள். வீட்டுச் சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்க நானும் கூடப் போனேன்.

லிப்ட்காரர் பெரிய சக்கரத்துக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். சித்தி வழக்கமான பாட்டையே பாடினாள். ஆபீசர் இப்படிச் செய்துவிட்டார், ஆள் இல்லை, இந்த ஒரு தடவை மட்டும் தள்ளி வைத்துக்கொள்ளலாமா என்று. அவர் கையை நிறுத்தவில்லை.

"எப்பக்கி தள்ளி வெக்கறது?"

"சீசன் முடிஞ்சதும்."

"எந்த சீசன்?"

சித்தி சக்கரத்தைப் பார்த்தாள். அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"இனிமே முடியறதுக்கு ஒண்ணும் இல்லம்மா. அந்தப் பையன்தான் போஸ்டர்லயே போட்டுட்டானே. நான் கோவத்துல சொல்லல. நீ சும்மா இருக்கற நாளாப் பாத்துதான் கட்டிக்கணும்னா, நான் வேற ஆளப் பாக்கணும். அதுக்கும் எனக்கு லீவு கிடையாது."

சித்திக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, என் கையிலிருந்த தூக்கை வாங்கி அவர் பக்கத்தில் வைத்தாள். அங்கிருந்து நேராக எங்கள் வீட்டுக்குள் சேற்றுக் காலோடு நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தரையைப் பார்த்து அம்மா திட்ட ஆரம்பித்தாள். சித்தி அதைக் காதில் வாங்காமல், யாரிடம் என்றில்லாமல், சும்மா இருக்கிற நாள் என்று ஒன்று இனிமேல் வரவே வராது என்றாள். வரவே வராத ஒன்றுக்காக நான் ஏன் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றாள். அம்மா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மறுநாள் சித்தி ஆபீசரிடம் போய், விழா அன்றைக்குத் தான் வரப்போவதில்லை என்றாள். அவர் பதறிப்போய், பூட்ஸ் யார் கொடுப்பது என்றார். கூட்டம் சேர்த்தது நீங்கள், கொடுப்பதும் நீங்களே என்றாள். அவர் கெஞ்சினார், மேடம் மேடம் என்றார். கடைசியில் முகம் பளிச்சென்று மின்ன, ஒரு யோசனை சொன்னார்.

"உங்க கல்யாணத்தையே ப்ரோக்ராம்ல சேத்துடலாமே மேடம். மாப்பிள்ளை, பொண்ணு, ரப்பர் பூட்ஸ். ஃபோட்டோ பிரமாதமா வரும்."

சித்தி அவரை ஒரு பார்வை பார்த்தாள். ஹீட்டரை அணைக்க மறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கொட்டகைச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

பதிவு அலுவலகம் மாடியில் ஒரே அறை. இரும்பு பீரோ, நீள பெஞ்சு, ஜன்னலில் மழை. பதிவாளருக்கு ஜலதோஷம். சாட்சிக்கு அம்மாவும் நானும். லிப்ட்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார், நகக்கண்ணில் மட்டும் கிரீஸ் போகவில்லை. சித்தி என் அம்மாவின் நீலப் புடவையைக் கட்டியிருந்தாள். எவ்வளவு அழகாக இருந்தாள் தெரியுமா.

பதிவாளர் கண்ணாடியை மாட்டியதும் சித்தியின் போன் அடித்தது. ஆபீசர். குழந்தைகள் சைஸ் எங்கே? இடது பக்கம், கீழ்த்தட்டு என்றாள் சித்தி. மறுபடி அடித்தது. பெரியவர் ஒருவர் பன்னிரண்டு கேட்கிறார், ஆனால் சின்னக் கால் மாதிரி தெரிகிறது, என்ன செய்வது? அவர் கேட்பதைக் கொடுக்காதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் ஆபீசரே கொடுத்துவிட்டேன் மேடம் என்று வைத்துவிட்டார். அம்மா பல்லைக் கடித்தாள். போனை அணைத்துத் தொலைக்கக் கூடாதா என்று அவள் முணுமுணுத்தது பதிவாளர் காதிலேயே விழுந்தது. லிப்ட்காரர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதிவாளர் தும்மி முடித்து, படிக்க ஆரம்பித்தார். இரண்டு வரி போயிருக்கும். மூன்றாவது தடவையாக போன். ஆபீசர் போட்ட சத்தம் அறை முழுக்கக் கேட்டது. கேட்டவருக்கெல்லாம் கேட்ட சைஸைக் கொடுத்திருக்கிறார். பாதை திரும்புகிற இடத்தில் ஆழச் சேறு. பூட்ஸ் உள்ளேயே நின்றுவிட்டது, கால் மட்டும் வெளியே வருகிறது. சிலருக்கு அதுவும் வரவில்லை. மாட்டிக்கொண்டதைக் கம்பி கட்டி இழுக்கிற லிப்ட்காரரின் விஞ்ச் வண்டி உடனே வேண்டும்.

லிப்ட்காரர் பாதி எழுந்துவிட்டார். அத்தனை பேசினவர், அவரே எழுந்துவிட்டார். நான் பார்த்தேன். அவரும் அந்த ஜாதிதான். யாராவது எங்காவது மாட்டிக்கொண்டார்கள் என்றால் உட்கார முடியாத ஜாதி. இவர் இப்போது படி இறங்கினால் அவ்வளவுதான், இவர்கள் இரண்டு பேரும் ஆயுசுக்கும் கையுறையைக் காயவைத்துக்கொண்டே இருப்பார்கள்.

சித்தி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். போனில் கேட்டாள்:

"யாருக்காவது அடிபட்டிருக்கா?"

"இல்ல மேடம்."

"யாராவது தண்ணி பக்கம் போயிருக்காங்களா?"

"இல்ல. எல்லாரும் நிக்கறாங்க. தீயணைப்புக்காரங்க பலகை எடுத்துட்டு வர்றாங்க."

"அப்ப நிக்கட்டும். நான் நாலு வருஷமா நின்னுக்கிட்டுதான் இருக்கேன்."

போனை அணைத்து அம்மாவின் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். லிப்ட்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டையைப் பிடித்த கையை அவள் இன்னும் எடுக்கவில்லை, கசங்கினால் கசங்கட்டும் என்பதுபோல.

பதிவாளர் தயங்கி, அவசரம் என்றால் சுருக்கமாக முடித்துவிடலாம், நேராகக் கையெழுத்துக்கே போய்விடலாம் என்றார்.

"வேண்டாம் சார்," என்றாள் சித்தி. "முழுசாப் படிங்க. மெதுவாவே படிங்க."

மூக்கைச் சிந்திச் சிந்தி, ஒரு வரி விடாமல் அவர் படித்தார். சட்ட வாசகங்கள்தான், கேட்டால் கொட்டாவி வருகிற சமாச்சாரம். சித்தி அதைப் பாட்டுக் கேட்கிற மாதிரி கேட்டாள். அம்மா அழுதாள், நான் அழுதேன். நாங்கள் எதற்கு அழுகிறோம் என்று தெரியாத பதிவாளர், தன் ஜலதோஷம் ஒட்டிக்கொண்டதோ என்று ஜன்னலைத் திறந்துவைத்தார். கையெழுத்துப் போட்டு முடித்ததும் லிப்ட்காரர், இனி அவரை நான் சித்தப்பா என்றுதான் எழுத வேண்டும், பேனாவை மூடிக்கொண்டே சித்தியிடம் மெல்லக் கேட்டார்.

"இப்பவாவது விஞ்ச எடுத்துட்டுப் போலாமா?"

"சாப்பிட்டுப் போலாம்," என்றாள் சித்தி.