ஒன்று சொல்லாத வாரம்

அந்தத் திங்கட்கிழமை என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் சிலேட்டை என் மடியில் வைத்தாள். டீச்சர் எழுதி அனுப்பியிருந்தார்: 'ஒன்று முதல் பத்து வரை. வீட்டில் தினமும் பொருள் வைத்து எண்ணப் பழக்கவும். சனிக்கிழமை பெரிய டீச்சர் கேட்பார்.' நான் இரண்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். படித்து முடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அரிசிக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு எண்ணத் தெரியாதா, இதற்கு ஒரு வாரமா என்று நினைத்துக்கொண்டேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. ஸ்ரீராம்புரத்தில், கன்னடக்காரர்களும் தமிழர்களும் கலந்து வாழ்ந்த ஒரு சந்துக்குள் எங்கள் கடை. முன்னால் கடை, பின்னால் ஓர் அறையும் அடுப்பங்கரையும். அவளுக்கு ஐந்து வயது முடிந்திருந்தது. கைக்குழந்தை ஒருவன் தூளியில். அவள் படித்த வகுப்பை இன்ஃபன்ட் கிளாஸ் என்று அப்போது சொல்வார்கள். அதில் தேறினால்தான் ஒன்றாம் வகுப்பு.

அன்று மாலையே, புளி ஆய்ந்தபோது ஒதுக்கிய கொட்டைகளில் பத்தைப் பொறுக்கித் தரையில் வரிசையாக வைத்தேன். "எண்ணு" என்றேன். முதல் கொட்டையை எடுத்தாள். வாயைத் திறக்கவில்லை. அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததிலிருந்து "ரெண்டு, மூணு, நாலு" என்று மளமளவென்று பத்து வரைக்கும் போனாள். "முதல்ல இன்னாடி?" என்றேன். தரையைப் பார்த்தாள். மறுபடி வைத்தேன், மறுபடியும் அதே. மூன்றாம் தடவை "லாபம்" என்று முணுமுணுத்தாள்.

இதைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். படியால் அளக்கிற கடைகளில் முதல் படியை யாரும் ஒன்று என்று சொல்வதில்லை. லாபம் என்பார்கள். என் வீட்டுக்காரர் படியைச் சாக்கில் முக்கி எடுத்து, தலை தட்டி, பையில் கொட்டி முடியும் வரைக்கும் 'லாபம், லாபம்' என்று ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே இருப்பார். பிறகுதான் 'ரெண்டு'. கன்னடக்காரர் கடைகளிலும் அதே வழக்கம்தான். என் மகள் நடக்கப் பழகியதே அந்தச் சாக்குகளைப் பிடித்துக்கொண்டுதான். அவள் காதில் விழுந்த முதல் கணக்கு அது.

"கடையில லாபம். ஸ்கூல்ல ஒன்னு. அவ்ளோதான்" என்று புரியவைத்தேன். தலையை ஆட்டினாள், இல்லை என்று. செவ்வாய்க்கிழமை கொட்டைக்குப் பதில் வளையல் வைத்தேன், வெங்காயம் வைத்தேன், வெல்லக்கட்டிகூட வைத்தேன். சொன்னால் தின்னலாம் என்றேன். வெல்லத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே தவிர அந்த ஒரு சொல் மட்டும் வரவில்லை. எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே குறைச்சல். தொடையில் நறுக்கென்று கிள்ளிவிட்டேன். சத்தம் போடாமல் அழுதாள். அந்தக் கிள்ளலை நினைத்தால் இன்றும் என் விரல் கூசுகிறது.

நான் அதட்டிய சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். "இன்ஃபன்ட் கிளாஸ்லயே ஃபெயிலாவற பொண்ணுக்கு எதுக்குப் படிப்பு? தேறலன்னா நிறுத்திடு. வீட்ல சின்னவனப் பாத்துக்கட்டும்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வந்தால் சாக்கை உள்ளே இழு என்பாரே, அந்தக் குரலில் சொன்னார். என்னை நிறுத்தியபோதும் இதே மாதிரிதான், சாதாரணமாக, சோறு போட்டுக்கொண்டே சொன்னார்கள். என் மகளுக்கு அது நடக்காது என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். எப்படி நடக்காமல் தடுப்பேன் என்று மட்டும் தெரியவில்லை.

புதன்கிழமை சின்னவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வராந்தாவில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நாற்பது பிள்ளைகள் மணலைப் பரப்பி உட்கார்ந்து கூரை அதிர "ஒன்று" என்று கத்தினார்கள். என் மகள் மட்டும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். "இரண்டு" என்றபோது எல்லோரையும்விட அவள் குரல்தான் பெரியதாகக் கேட்டது. டீச்சர் பிரேசர் டவுனிலிருந்து பஸ்ஸில் வருகிறவர், மெதுவாகப் பேசுகிறவர். வெளியே வந்து, "அறிவுள்ள பிள்ளைதாம்மா. ஆனா ரொம்பப் பிடிவாதம். ஒரு நாள் லாபம்னு சொல்லிட்டா, கிளாஸே சிரிச்சிருச்சு. இப்ப அவளுக்குப் பேரே லாபம்தான். பெரிய டீச்சர் முன்னாடியும் இப்படி நின்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்.

அன்று மாலை தலை வாரிவிடும்போது கேட்டேன். முகத்தைப் பார்த்துக் கேட்டால் சொல்ல மாட்டாள் என்று தெரியும். முதுகைப் பார்த்துக் கேட்டேன். இரண்டு பின்னலும் முடிந்தன. பிறகு, "அத சொன்னா கடை மூடிடும்மா" என்றாள்.

"யாரு சொன்னா?"

"நைனா சொல்லிச்சி. வாய்மேல அடிச்சிச்சி."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கதை வந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில், படித்ததைக் காட்டும் ஆசையில், நைனா, அதாவது அவள் அப்பா, முதல் படியைக் கொட்டும்போது இவள் பக்கத்தில் நின்று "ஒன்று" என்று உரக்கச் சொல்லியிருக்கிறாள். அவர் வாயில் ஒரு தட்டு தட்டி, இந்த வாய் ஒன்று என்று சொன்னால் கடை மூடிவிடும், அப்புறம் எல்லோரும் பட்டினிதான் என்றிருக்கிறார். அவர் அன்றைக்கே மறந்துபோனார். இவள் மறக்கவில்லை. வகுப்பின் சிரிப்புக்கும் என் கிள்ளலுக்கும் அசையாமல், இத்தனை மாதமாக எங்கள் கடையை இந்த ஐந்து வயசு ஒற்றை ஆளாகக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அவரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால், "நீங்களே அவ எதிர்ல ஒரு தடவ ஒன்னுன்னு சொல்லி அளந்திடுங்க, போதும்" என்றதும் கையை உதறினார்.

"என் வாயால வராது. எங்க நைனா நாள்லேர்ந்து சொல்றது."

"உங்க நைனா ரெண்டு கடைய மூடினாரே. ரெண்டுலயும் லாபம்னு சொல்லித்தான மூடினாரு?"

சொல்லியிருக்கக் கூடாது. அவர் தெருவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

சரி, அவர் வாய்க்கு வராவிட்டால் என் வாய் இருக்கிறது என்று கிளம்பினேன். வெள்ளிக்கிழமை மாலை, அவர் விளக்கேற்றிவிட்டுக் காப்பி குடிக்க உள்ளே வந்த நேரம், நான் போய்ச் சாக்குக்கு முன்னால் உட்கார்ந்தேன். மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். எதிர்ச் சந்தின் கன்னடக்கார அம்மாள் நாலு படி அரிசி கேட்டார். படியை முக்கி, தலை தட்டி, பையில் கொட்டி, தெருவுக்கே கேட்கிற மாதிரி "ஒன்னு" என்றேன். அந்த அம்மாள் பையை இழுத்துக்கொண்டார். "லாப அன்னம்மா" என்றார், லாபம் என்று சொல் என்று. "ஒன்னுதான்" என்றேன். வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த வேளை. அந்த அம்மாள் பையிலிருந்த அரிசியைச் சாக்கிலேயே திருப்பிக் கொட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

என் மகள் என்னைப் பார்த்தாள். "பாத்தியாம்மா" என்றாள்.

நாலு நாள் பாடுபட்டதை நானே ஒரு நிமிடத்தில் கெடுத்துவிட்டேன். திரும்பினால் வாசற்படியில் காப்பி டம்ளரோடு அவர் நின்றிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், பதிலுக்குத் திட்டவும் தயாராக இருந்தேன். அவர் திட்டவில்லை. மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சாக்கின் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள்.

எனக்கு விட மனமில்லை. "நாளைக்குக் கடைய மூடிட்டு ஸ்கூலுக்கு வாங்க. எதுக்காக அவ படிப்ப நிறுத்தறீங்கன்னு கண்ணால பாத்துட்டு நிறுத்துங்க" என்றேன். அவர் டம்ளரை வைத்துவிட்டுப் படியைக் கையில் எடுத்தார்.

சனிக்கிழமை காலை அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். சந்து முனையில் திரும்பிப் பார்த்தபோது அவர் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டிருந்தார். பிறகு பத்தடி பின்னாலேயே வந்தார், எங்களோடு வராதவர் மாதிரி.

பெரிய டீச்சர் கண்டிப்பானவர். மேஜைமேல் பத்துப் புளியங்கொட்டைகள் போட்டு "எண்ணு" என்றார். என் மகள் முதல் கொட்டையை எடுத்தாள். உதடு இறுகியது. நான் சின்னவனை இறுக்கிக்கொண்டேன். "தெரியலைன்னா அடுத்த வருஷமும் இதே கிளாஸ்தான்" என்று பெரிய டீச்சர் பேனாவை எடுத்தார்.

அப்போது வாசலில் நின்றிருந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "அவளுக்குத் தெரியும்மா. நான்தான் சொல்லக் கூடாதுன்னு வாய்மேல அடிச்சேன். தப்பு என்னுது" என்றார். நாற்பது பிள்ளைகளும் அவரைப் பார்த்தன.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? பிள்ளைகிட்ட சொல்லுங்க" என்றார் பெரிய டீச்சர்.

என் வீட்டுக்காரர் அவள் உயரத்துக்கு முட்டி போட்டு உட்கார்ந்தார். "சொல்லு கண்ணு" என்றார்.

"கடை?" என்று கேட்டாள்.

அவர் அவள் கையிலிருந்த கொட்டையைப் பார்த்தார். "கடை போனா போவுது. நீ சொல்லு."

அவள் கொட்டையை மேஜையில் வைத்தாள். "ஒன்னு" என்றாள், காற்று மாதிரி. அப்புறம் சத்தமாக இன்னொரு தடவை சொன்னாள். பிறகு இரண்டு, மூன்று என்று ஓடிப் பத்துக்கு வந்தாள். "போதும்மா, பாஸ்" என்றார் பெரிய டீச்சர். அவள் காதில் விழவில்லை. கொட்டைகள் தீர்ந்துவிட்டதால் ஜன்னல் கம்பிகளைக் காட்டிப் பதினொன்று, பன்னிரண்டு என்று போய்க்கொண்டிருந்தாள். டீச்சர் சிரித்தபடி அவள் தோளைத் தொட்டு நிறுத்தப் பார்த்தார்.

"வுடுங்கம்மா, எண்ணட்டும்" என்றார் என் வீட்டுக்காரர், முட்டி போட்டபடியே.