ஊற்றுக்குக் கீழே விழுந்த அடி

ஹப்ரோவா ஊர் மாட்டுக்காரன் புரோகோப்புக்கு இடது காது கேட்காது. பிறவிக் குறை இல்லை. ஏழு வயதில் ஊர்ப் பெரியவர்கள் கூடி நின்று கொடுத்தது.

எங்கள் பக்கம் அப்போதெல்லாம் எல்லைக்கல் நட்டால், ஒரு பையனைக் கூட்டிப்போய் கல்லருகில் நிறுத்தி அடிப்பார்கள். கல் நின்ற இடம் அவனுக்குச் சாகும்வரை மறக்கக் கூடாது, அதற்குத்தான். வசதியான வீட்டுப் பிள்ளையை அடித்தால் அவன் அம்மா சண்டைக்கு வருவாள். ஆகவே அப்பனில்லாத புரோகோப்பைப் பிடித்தார்கள். ஓடைக்கரைக் கல்லில் நாலு பிரம்படி. காட்டு முனைக் கல்லில் ஆறு. மூன்றாவது கல்லை ஊற்றுக்குக் கீழே, பிளந்த பாறையை ஒட்டி நட்டார்கள். அங்கே பிரம்பு முறிந்துவிட்டது. அப்போதைய ஊர்த்தலைவர் கையாலேயே அறைந்தார். காதிலிருந்து ரத்தம் வடிந்து சட்டைக் கழுத்து நனைந்தது.

கல்லுக்குக் கீழே ஹப்ரோவா, மேலே பக்கத்து ஊர் மெலின்கா. ஆக, ஊற்று மெலின்காவுடையது. அதன் தண்ணீர் பத்தடி ஓடிச் சதுப்பில் செத்துவிடும். குடிக்க வேண்டுமென்றால் ஊற்றுக்கண்ணிலேயே வாய் வைக்க வேண்டும்.

இருபது வருஷம் கழித்துக் கொள்ளைநோய் வந்தது. மெலின்காக்காரர்கள் தங்கள் பிணங்களைப் புதைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், ஹப்ரோவாவின் ஆறு பேர் மூன்றாவது கல்லைப் பிடுங்கி, ஊற்றுக்கு மேலே நாற்பதடி தள்ளி நட்டார்கள். கல்லுக்கடியில் சாட்சியாகப் புதைத்திருந்த பானை ஓடுகளையும் அடுப்புக்கரியையும்கூட மறக்காமல் அள்ளிப்போய்ப் போட்டார்கள். எருதைப் பூட்டிக் கல்லை இழுத்துக் கொடுத்தவன் புரோகோப். அதைப் பற்றி அவன் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. அவன் இருந்த குடிசை ஊருடையது. தின்ற ரொட்டி வீட்டுக்கு வீடு முறை வைத்துக் கொடுத்தது.

பிறகும் இருபத்திரண்டு வருஷம் ஓடியது. அந்தக் கோடையில் மழையே இல்லை. பயிர் முழங்கால் உயரத்திலேயே கருகியது. மெலின்கா ஆட்கள் அரிவாள்களோடு ஊற்றுக்கு இறங்கி வந்தார்கள். ஹப்ரோவா ஆட்கள் கதிரடிக்கும் தடிகளோடு ஏறிப் போனார்கள்.

"ஊத்தயும் சாக்குல கட்டித் தூக்கிட்டுப் போயிடுங்கடா, திருட்டுப் பயலுங்களா!" என்று கத்தினான் மெலின்காவின் யீரா. கல்யாணம் ஆகி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது அவனுக்கு.

"உங்க தாத்தா குழிக்குள்ள போனப்பவே ஊத்தும் போயிருச்சுடா! போயி அந்தாள்கிட்டக் கேளு!" என்றான் ஊர்த்தலைவர் ஷிமோனின் மகன் வீத்.

அதற்கப்புறம் பேச்சில்லை. தடி மண்டையில் விழும் சத்தம்தான். ஒருவனுக்குப் பல் தெறித்தது. இன்னொருவன் உடைந்த கையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். வீத் யாரிடமோ பிடுங்கிய நீள அரிவாளைத் தாழ வீசினான். யீராவின் தொடை எலும்புவரை திறந்துகொண்டது.

எல்லாரும் சட்டென்று விலகினார்கள். மாடுகளை ஒதுக்கிக்கொண்டிருந்த புரோகோப் ஓடிவந்து இரண்டு கையாலும் வெட்டை அழுத்தினான். ரத்தம் விரலிடுக்கில் பீறிட்டது.

"மாமா, குளுருது" என்றான் யீரா. சுட்டெரிக்கும் வெயில்.

"பேசாத கண்ணு. அழுத்திப் பிடிச்சிருக்கேன்."

பரலோக மந்திரத்தைப் புரோகோப் பாதிவரை சொல்வதற்குள் அவன் கையில் துடித்தது நின்றுபோனது.

வீத் அன்றைக்கே பட்டாளத்துக்கு ஓடிவிட்டான். இரண்டு ஊரையும் ஆண்ட பிரபுவின் காரியஸ்தர் வந்து விசாரித்தார். கல் நிற்கும் இடமே எல்லை என்றது ஹப்ரோவா; கல்லை நகர்த்திவிட்டார்கள் என்றது மெலின்கா, ஆனால் பழைய இடம் தெரிந்தவர்கள் கொள்ளைநோயில் போய்விட்டார்கள். கடைசியில், கல் நட்டபோது அடி வாங்கினவன் எவன் என்று கேட்டார். அன்று அங்கே இருந்தவர்களில் உயிரோடிருந்ததும் அந்தப் புரோகோப் ஒருவன்தான். ஞாயிறு பூசைக்குப் பின், எல்லைத் தகராறுக்கு வழக்கமானபடி, அவன் வெட்டிய குழியில் இறங்கிச் சத்தியம் செய்ய வேண்டும் என்று முடிவானது.

சனிக்கிழமை ஷிமோன் குடிசைக்கு வந்தார். கையில் ஒரு பன்றித்தொடை. கல்லை நகர்த்திய ஆறு பேரில் புரோகோப்பைத் தவிர மிச்சமிருந்தவர் அவர் மட்டுமே.

"கல்லு இருக்கிற எடத்துலதான் அடிச்சாங்கன்னு ஒரு வார்த்தை, முடிஞ்சுது. புரியுதா?"

"சிலுவையைக் கையில குடுப்பாங்களே, தலைவரே."

"ஓகோ! சிலுவை! அன்னைக்கு எருதை ஓட்டினப்ப அது எங்க போச்சுடா?"

ஷிமோன் பன்றித்தொடையைப் பலகையில் போட்டார்.

"மாத்திச் சொல்லிப் பாரு. இந்தக் கூரையை நானே பிரிப்பேன். உன் பொண்டாட்டி ஊர் ஊராப் பிச்சையெடுப்பா." போகிறபோக்கில், வாசலில் கிடந்த நாயைப் பூட்ஸ் காலால் விலாவில் உதைத்தார். அது எழுந்திருக்கவே இல்லை.

மனைவி தொரோத்தா பன்றித்தொடையை முகர்ந்து பார்த்தாள். "இருபத்திரண்டு வருஷமா இந்த ஊருக்கு மாடு மேய்ச்சு, ஒருத்தனும் எலும்புகூடப் போட்டதில்ல. இப்பத் தொடையே வருது! நாளைக்கு நீ சத்தியம் பண்ணிட்டா முழுப் பன்னியும் வரும்போல."

"என்ன பண்ணட்டும், தொரோத்தா?"

"அந்தப் புள்ளயோட ரத்தம் புடிச்ச சட்டையை மூணு தண்ணியில அலசினேன். போகல. அதைத்தானே நாளைக்கு மாட்டிக்கப்போற? வேற சட்டை ஏது உனக்கு?"  தொடையைத் துணியில் சுற்றித் தலைவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, ஊற்றுக்குப் பக்கத்தில் பிணம் புதைக்கிற அளவுக்குக் குழி வெட்டியிருந்தார்கள். புரோகோப் வெறுங்காலோடு இறங்கி முழங்காலிட்டான். தலையில் புல்லோடு பெயர்த்த மண்கட்டியை வைத்தார்கள். கையில் பாதிரியாரின் சிலுவை. பொய் சொன்னால் வருஷம் திரும்புவதற்குள் அந்த மண்ணே விழுங்கிவிடும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மண் நெற்றி வழியாகக் கண்ணில் இறங்கியது.

"உன்னை எங்கே அடித்தார்கள்?" என்றார் காரியஸ்தர்.

புரோகோப் சிலுவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "ஊத்துக்குக் கீழங்க. பொளந்த பாறை பக்கத்துல. அங்கதான் காது போச்சு. கல்லை இந்தப் பக்கம் இழுத்தது நானு. எருதை நாந்தான் ஓட்டினேன். ஆண்டவர் மன்னிக்கட்டும்."

முதல் மண்வெட்டி மண் அவன் முகத்தில் விழுந்தது. கொட்டியது ஷிமோன். அடுத்து ஹப்ரோவா ஆண்கள் அத்தனை பேரும் கையில் கிடைத்ததை எடுத்துத் தள்ளினார்கள். மண்ணோடு கல்லும் வந்தது. ஒரு கல் தாடையை உடைத்தது. "சாட்சியாம் சாட்சி! அங்கேயே கெட நாயே!" புரோகோப் இடுப்புவரை புதைந்துவிட்டான். தொரோத்தா குழிக்குள் குதித்து, அவன் தலைமேல் கவிழ்ந்துகொண்டாள். காரியஸ்தரின் காவலர்கள் துப்பாக்கிக் கட்டையால் அடித்து விரட்டிய பிறகுதான் இரண்டு பேரையும் வெளியே இழுக்க முடிந்தது. அதற்குள் குடிசை பக்கம் புகை எழும்பிவிட்டது.

ஊற்றை மெலின்காவுக்கே எழுதிக் கொடுத்தார்கள். தொரோத்தா துணையிருக்க, புரோகோப்பை மெலின்கா மாட்டுக்கொட்டகையில் கிடத்தினார்கள். யீராவின் தாய் வந்து அவனைப் பார்த்தாள். உடைந்த தாடை மேலேயே ஒன்று விட்டாள்.

"இருபத்திரண்டு வருஷம்! ஒரு வருஷம் முன்னாடி சொல்லியிருந்தா எம்புள்ள இருந்திருப்பானேடா!"

புரோகோப் முகத்தைத் திருப்பவில்லை.

மெலின்காவில் அவனுக்கு மாடு மேய்க்கும் வேலை கிடைத்தது. யாரும் மேசையில் கூப்பிட்டு உட்காரவைக்கவில்லை. ஊற்றைச் சுற்றி முள்வேலி போட்டு, காவலுக்கு அவனையே நிறுத்தினார்கள்.

அடுத்த கோடையும் காய்ந்தது. ஒரு மத்தியானம் ஹப்ரோவா மாடுகள் நாக்கைத் தொங்கவிட்டு வேலியருகே வந்து நின்றன. எல்லாம் அவனே பெயர் வைத்து வளர்த்த மாடுகள். புரோகோப் வேலியை விலக்கினான்.

மெலின்கா ஆட்கள் மேலேயிருந்து பார்த்துவிட்டு, தடியோடு ஓடிவந்தார்கள்.

"யாரைக் கேட்டுத் தொறந்த?"

"தாகத்துக்கு வந்திருக்குதுங்க. ஊரு பேரு அதுகளுக்குத் தெரியாதுங்க."

முதல் அடி தோளில் விழுந்தது. அடுத்தது முதுகில். புரோகோப் வேலிக் கம்பை இறுகப் பிடித்துக்கொண்டான். கடைசிக் கன்று குடித்து நிமிரும்வரை அவனை அங்கிருந்து அசைக்க முடியவில்லை.